எரியாத டார்ச்

மூன்றாவது செவ்வாயாகக் கர்ட்டிஸ் அந்தத் துப்பாக்கிக் கடைக்கு வந்தான்.

"ரெடியா?"

கடைக்காரன் ராய்ஸ், பள்ளித் தோழன், உதட்டைப் பிதுக்கினான்.

"துப்பாக்கியில நீ மாட்டியிருக்கிற டார்ச்சை நம்ப முடியலடா. ஒரு தடவை சுட்டாலே அதிர்ச்சியில அணைஞ்சிடுது. திருடன் வந்தா, 'கொஞ்சம் நில்லுங்க சார், ஸ்விட்சைத் தேடிக்கிறேன்'னு சொல்லுவியா?"

"போன வாரம் திருகு லூசுன்னே."

"இந்த வாரம் தோட்டா சொருகுற பட்டையும் தொங்குது."

"எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் துப்பாக்கியைக் குடு. ஜோலின் போனப்புறம் அவ்ளோ பெரிய பண்ணையில நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"அரைகுறையாக் குடுத்தா என் கடைப் பேரு நாறிடும். அடுத்த செவ்வாய் வா. இப்ப உக்காரு, மாட்டுக்கறியும் பீன்ஸும் வெந்துட்டிருக்கு."

கர்ட்டிஸ் உட்கார்ந்தான்.

"டார்ச்சுல ஒரு கோளாறும் இல்லைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

ராய்ஸின் கை கரண்டியோடு நின்றது.

"முதல் நாளே. ஆனா உன் முகத்தைப் பாத்தேன். திருப்பிக் குடுக்க மனசு வரல."

"எனக்கும் முதல் நாளே தெரியும்."

"என்னது?"

"வீட்டுல அது நல்லாத்தான் எரிஞ்சுது. அந்தத் துப்பாக்கியோட தனியா இருக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் ரிப்பேர்னு சொல்லி உன்கிட்டக் கொண்டாந்தேன். இன்னிக்கு எனக்கும் ஜோலினுக்கும் கல்யாண நாள். நிஜமாவே திருப்பிக் கேட்டுட்டேன். நீ குடுக்கல."

ராய்ஸ் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தான்.

"அடுத்த செவ்வாயும் ரெடியாகாதுல்ல?" என்றான் கர்ட்டிஸ்.

"ஆகவே ஆகாதுடா."