நகத்தளவு

"உந்தப் பெரிய லென்ஸ் வேண்டாம் பிள்ளை. நகத்தளவு சாமானைப் பெரிசாக் காட்டுற லென்ஸ் இருக்கோ?"

நிவேதனா நிமிர்ந்து பார்த்தாள். நல்லூரில் இருந்த அவளுடைய கமராக் கடைக்குக் கல்யாண வீடு எடுக்கிற பெடியள் வருவார்கள். பறவை பார்க்கிறவர்கள்கூட வந்ததுண்டு. கடலுக்கடியில் படம் எடுக்கக் கமரா கேட்டு, சாரம் கட்டிய அறுபது வயது மனிதர் ஒருவர் வந்தது இதுவே முதல்முறை. பெயர் ஆழ்வாப்பிள்ளை, ஊர் தொண்டைமானாறு, தொழில் கடல் என்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

"தண்ணிக்குள்ளை எடுக்கிற ஆக்கள் அகலமாக் காட்டுற லென்ஸ்தான் கேப்பினம் ஐயா. ஆமை, பெரிய மீன் எண்டு. நீங்கள் என்னத்தை எடுக்கப் போறியள்?"

"முருகைக்கல்லு, பவளப்பாறை. இப்பதான் முளைக்குது." சுண்டுவிரல் நகத்தைத் தொட்டுக் காட்டினார். "உவ்வளவுதான்."

நிவேதனா கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை.

"எங்கடை பக்கம், நாலு பாகம் ஆழத் தண்ணியிலை ஒரு பார் இருக்கு. மீன் குடியிருந்த பாறை. முப்பது வருசத்துக்கு முதல் வெடியிலை சிதறிப் பெரிய குழியாப் போச்சு. அதுக்குப் பிறகு வெறுங்கல்லு."

அவளுக்கு விளங்கியது. உடுவிலில் அவர்கள் வீட்டு முற்றத்திலும் சண்டைக் காலத்தில் செல் விழுந்த குழி ஒன்று கிடந்தது. அம்மா அதற்குள் வாழை நட்டிருந்தாள்.

"கடலைக்கூட விட்டுவைக்கேல்லை, என்ன?" என்றாள்.

அவர் மேசையிலிருந்த லென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டு வருசமா அதிலை வலை போடக்கூடாதெண்டு சங்கத்திலை தடை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒண்டும் முளைக்கேல்லை, தடையை எடுங்கோ எண்டு கனபேர் நிக்கினம். எடுத்தால், ஒருநாள் வலை இழுக்கிறதோடை எல்லாம் உரிஞ்சுபோம். முளைக்குது எண்டு நான் வாயாலை சொல்லிப் பாத்திட்டன். சிரிக்கினம்."

கிட்டப் பார்க்கும் லென்ஸை எடுத்து நீட்டப்போன நிவேதனா, கையை இழுத்துக்கொண்டாள்.

"உது சரிவராது ஐயா. உதாலை எடுத்தால் படம் முழுக்க முளை மட்டும்தான் நிக்கும். எந்தக் கடலிலை எடுத்தது எண்டு கேட்டால்?"

அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"அப்ப குழியும் தெரியவேணும். குழியைக் கண்டால் எங்கடை ஆக்களுக்கு இடம் தெரியும்."

"அகல லென்ஸிலை குழி வரும். முளை தூசி மாதிரித்தான் தெரியும்."

"ரெண்டு லென்ஸ் கொண்டுபோனால்?"

"தண்ணிக்குள்ளை கமராவைத் திறந்து மாத்தேலாதே."

திடீரென்று நிவேதனா உள்ளே போய், ஒரு சின்னக் கமரா, அது போகிற கண்ணாடிக் கூடு, ஒரு பூதக்கண்ணாடி, தண்ணீருக்குள் பிடிக்கிற லைற் எல்லாவற்றோடும் வந்தாள்.

"இது சின்னன்தான். ஆனால் கூட்டுக்கு வெளியாலை இந்தப் பூதக்கண்ணாடியைக் கொளுவலாம், கழட்டலாம். தண்ணிக்குள்ளையே செய்யலாம். முதல் குழியை எடுங்கோ. பிறகு இதைக் கொளுவிக்கொண்டு முளைக்குக் கிட்டப் போங்கோ. லைற்றை நேரை அடிக்காதையுங்கோ, மிதக்கிற தூசியெல்லாம் மழை மாதிரி விழும். பக்கத்தாலை பிடியுங்கோ."

"மண்டி கிளம்பாமல் நிப்பன் பிள்ளை. கடலட்டை பிடிக்கச் சுழியோடின ஆள் நான்."

"கூட்டின்ரை றப்பர் வளையத்திலை ஒரு தலைமயிர் கிடந்தாலும் கமரா போச்சு. தெரியுமோ?"

வாளியில் தண்ணீர் நிரப்பி, வெறுங்கூட்டை அமிழ்த்தினாள். குமிழி ஏதும் வருகிறதா என்று இருவரும் தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். வரவில்லை.

"இது விக்கிறதில்லை. என்ரை சொந்தக் கமரா. எடுத்துப்போட்டுக் கொண்டுவாங்கோ."

"என்னை ஆரெண்டு தெரியாமல் தாறியே?"

"நகத்தளவு முருகைக்கல்லுக்காக இவ்வளவு தூரம் வந்த ஆள். வேறை என்ன தெரியவேணும்?"

அவர் கமராவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, அவள் கடை திறக்க வரும்போதே வாசலில் நின்றார்.

"தடை இன்னும் அஞ்சு வருசம் பிள்ளை!"

கமராவின் திரையில் முதல் படம், நீலத்துக்குள் கருமையாக இறங்கும் குழி, உடைந்த விளிம்பு. அடுத்த படத்தில் அதே விளிம்பில், பூ விரிந்ததுபோல் ஒரு குருத்து முருகை.

"நேரிலை சாம்பல் நிறமெண்டுதான் கண்டனான். உன்ரை லைற்றைப் பிடிச்ச பிறகுதான் பாத்தன், ரோசா!"

"தண்ணி சிவப்பைக் குடிச்சுப்போடும் ஐயா. கூட்டத்திலை என்ன சொன்னவை?"

"குழியைக் கண்டதும் எல்லாரும் அமந்துபோச்சினம். முளையைக் காட்ட, ஆகக் கூடச் சத்தம் போட்டவனே முதல் கை தூக்கினான்."

அவர் சிரித்தார். நிவேதனாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும்.

"வாழ்நாள் முழுக்கக் கடலிலை நிண்ட மனிசன் நீங்கள். நான் முதல்நாளே நம்பினன். உங்கடை ஊராக்கள் ஏன் உங்கடை சொல்லை நம்பேல்லை?"

ஆழ்வாப்பிள்ளை கமராவை மெல்ல மேசையில் வைத்தார்.

"அது செல் விழுந்த குழியில்லை பிள்ளை. ஒரே நாளிலை வள்ளம் நிறைய மீன் அள்ள ஆசைப்பட்டு ஒருத்தன் போட்ட டைனமைற். இண்டைக்கும் ஊரிலை அதை ஆழ்வாப்பிள்ளை குழியெண்டுதான் சொல்லுறவை."