கண்ணாடியில் ஒட்டிய பட்டியல்

ஆனேக்கல் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் கரண்ட் போய், யுபிஎஸ் விட்டுவிட்டுக் கூவுகிறது. மதிய வெயிலில் ஜன்னல் கண்ணாடி வெளுத்திருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் வராந்தாவைப் பார்த்தபடி ஒரு தாள். ஆறாம் வகுப்பின் நாற்பத்திரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே யூசர்நேம், பாஸ்வேர்டாகப் பிறந்த தேதி. வெளியே ஷூவைக் கழற்றும்போதே பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மௌரீன் மிஸ்தான் ஒட்டினார். உள்ளிருந்து பார்த்தால் எழுத்துகள் இடம் வலமாகப் புரண்டு தெரிகின்றன. இப்போது அவற்றின் பின்னால் ஒரு தலையின் நிழலும் தெரிகிறது. அது அசையவே இல்லை. "மிஸ், அந்த அங்கிள் நேத்தும் வந்தாரு," என்கிறாள் லாவண்யா, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து. "உன் பர்த்டே மார்ச் பதினாலுதானேன்னு கேட்டாரு. எங்க அப்பாவுக்கே அது ஞாபகம் இருக்காது மிஸ்." மௌரீன் மிஸ் வெளியே வருகிறார். வரிசையாகக் கிடக்கும் சின்ன ஷூக்களுக்கு நடுவே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர். யாருடைய அப்பாவும் இல்லை. கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை. "யாரு சார் வேணும்? யாரு பேக்கு?" தமிழிலும் கன்னடத்திலும் கேட்கிறார். அந்த மனிதரின் கண்கள் தாளிலேயே இருக்கின்றன. மிஸ் தாளைப் பிடித்து இழுக்கிறார். பாதி கிழிந்து வருகிறது, மீதியை நகத்தால் சுரண்டுகிறார். அந்த மனிதர் மரியாதையாக ஓரடி விலகி இடம் விடுகிறார். பிறகு கண்களை மூடிக்கொள்கிறார். உதடுகள் அசைகின்றன. கிட்டே போனால்தான் கேட்கிறது. "பதினேழு, கிஷோர், ஜூலை ஒம்பது. பதினெட்டு, லாவண்யா, மார்ச் பதினாலு."