உப்பு போட்ட மாங்காய்

மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து அவளுடைய பாடம் கேட்டது.

குரல் மட்டும் வேறு.

"மாங்காத் துண்டுல உப்பப் போட்டு வைங்க. மறுநாள் பாத்தா ஜாடியில தண்ணி நிக்கும். நாம ஊத்துனோமா?"

அவள் எழுதியது. வார்த்தை மாறவில்லை.

வராந்தா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தாவரவியல் துறையில் நிரந்தர வேலை. ஒரே ஓர் இடம். நேர்காணலுக்கு வந்தவர்கள் எல்லோரும் நடத்திக் காட்ட வேண்டிய பாடமும் ஒன்றுதான், சவ்வூடு பரவல். தற்காலிக ஆசிரியையாகவே காலம் போய்விட்டது. இந்த முறை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

அந்தப் பாடத்தை இணையத்தில் போட்டதும் அவள்தான். புத்தகம் வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்காக. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டாம். தன் பெயரைக்கூடப் போடவில்லை. பாடத்துக்கு எதற்குப் பெயர் என்று அன்று தோன்றியது.

இன்றும் அப்படித்தான் தோன்றுகிறதா?



இனி அவள் மாங்காய் என்று வாயைத் திறந்தால், அடுத்தவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள் என்பார்கள்.

கதவு திறந்தது. சின்னப் பெண். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும்.

"சூப்பராப் போச்சுக்கா. அந்த வழுக்கை சார்கூட சிரிச்சுட்டாரு. நெட்ல ஃப்ரீயாவே கெடந்துச்சு. உங்களுக்கும் அனுப்பட்டா? அஞ்சு நிமிஷத்துல படிச்சிரலாம்."

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"வேணாம்மா. நல்லா எடுத்த."

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பலகையில் மாங்காய்ப் படம். அதிலிருந்து வெளியே ஓடும் அம்புக்குறிகள்.

"அழிச்சிட்டு ஆரம்பிங்கம்மா."

டஸ்டரை எடுத்தாள். கை படத்தருகே போய் நின்றது.

போன வாரம் வகுப்பில் செல்வமேரி என்ற மாணவி எழுந்து ஒன்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று இவள் மழுப்பிவிட்டு வந்திருந்தாள். இன்னும் சொல்லவில்லை.

டஸ்டரை வைத்துவிட்டாள். படத்துக்குக் கீழே எழுதினாள்:

சவ்வு தண்ணீரை மட்டும்தான் விடும், உப்பை விடாது என்றால், மாங்காய் ஏன் உப்புக் கரிக்கிறது?

திரும்பி மூன்று பேரையும் பார்த்தாள்.

"யாராவது சொல்லுங்க."

 சாக்பீஸை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடினார். நாற்காலியைப் பலகைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.