கறுப்பினின்று பிரியும் முகம்

ஏரியில் மறைந்த டேவிட்டின் கடைசிப் படம் ஸ்டூடியோ மானிட்டரில் இருண்டு கிடக்கிறது. விடியுமுன் படகேறியவனை அவன் தம்பி கரையிலிருந்து எடுத்தது. "சண்ட போட்டுனு திரும்பிக்கூட பாக்காம பூட்டாருண்ணா" என்கிறாள் மனைவி எஸ்தர். அச்சிடுமுன் ஸ்டூடியோக்காரர் சகாதேவன் திரையைச் சீர்செய்கிறார். திரையோரத்தில் ஒளியளவு பார்க்க வைத்த சாம்பல் பட்டைகளுள் மிகக் கரியதும் கறுப்பினின்று பிரியும்வரை பிரைட்னஸை மெல்ல உயர்த்துகிறார். கருவறையில் தீபம் காட்டுகையில் திருமேனி துலங்குவதுபோல் அலையும் வலையும் துலங்குகின்றன. முதுகென்று அவள் நம்பிய இருள் முகமாகிறது. விழிகள் கரையையே நோக்குகின்றன. "இன்னும் ஏத்துண்ணா. வாயி தொறந்துக்குது. இன்னா சொல்றாரு?" "இதுக்கு மேல ஏத்துனா மூஞ்சே வெளுத்துடும்மா." விசிறி சுழல்கிறது. எஸ்தர் குனிந்து, செவியைத் திரையருகே வைக்கிறாள்.