நல்ல சகுனம்

சர்க்கரை டப்பாவுக்குப் போகும் வழியில் ஒரு பல்லி உட்கார்ந்து எறும்புகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்யலாம் என்று பேச எறும்புகள் வழக்கம்போல ட்யூப்லைட்டுக்குக் கீழே கூடின. செம்பியும் தன் தங்கையோடு போயிருந்தாள்.

"இனிமே ஜன்னல் ஓரமாப் போவோம்" என்று தலைவி சொல்லி வாய் மூடவில்லை, ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி "ச்சு, ச்சு" என்றது.

"பல்லியே சொல்லிருச்சு!" என்று சபை பூரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் பல்லி ஜன்னல் ஓரத்தில் காத்திருந்தது. அன்று மாலையே கூடித் தீர்மானத்தைத் திருத்தினார்கள்: அலமாரிக்குப் பின்பக்கமாகப் போகலாம். அதற்கும் பல்லி சொன்னது. அலமாரிப் பக்கம் போன செம்பியின் தங்கை திரும்பி வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் செம்பி எழுந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. வழியை மாத்தினது போதும். கூட்டம் போடுற இடத்தை மாத்துவோம். நாம பேசுறது எல்லாமே அதுக்குக் கேக்குது."

தலைவி யோசித்தாள். சரியென்றுதான் பட்டது. பழக்க தோஷத்தில் அண்ணாந்து மேலே பார்த்தாள். சபை மொத்தமும் பார்த்தது. பல்லி வாயைத் திறக்கவே இல்லை.

"நான் என்னடி பண்ணட்டும், செம்பி?" என்றாள் தலைவி. "சகுனம் சரியில்லையே."