சக்கரத்துக்குள் சென்சார்

வாலாஜாபாத்தில் மங்கையின் தம்பிக்குக் கல்யாணம். காரில் திருமாங்கல்யம் அவள் மடியில் இருந்தது.

"ஏன்னா, வண்டி ஒரு பக்கமா இழுக்கறதே. இறங்கிப் பாருங்கோளேன். முகூர்த்தம் தப்பிடப்போறது."

"நாலு சக்கரத்துக்குள்ளயும் சென்சார் மாட்டியிருக்கேன். காத்து சரியா இருக்குன்னு திரையே சொல்றது. உனக்கு அதைவிடத் தெரியுமோ?" என்றார் சௌந்தரராஜன்.

அடுத்த வளைவில், மழைச் சகதியில் பின்டயர் சப்பென்று உட்கார்ந்தது.

டிக்கியைத் திறந்தார். பட்டு அங்கவஸ்திரம் சுற்றிய சக்கரம் ஒன்று இருந்தது.

"திரை பொய் சொல்லலை, மங்கை. இதுல காத்து சரியாத்தான் இருக்கு. போன வாரம் ஆணி ஏறித்து. சென்சாருக்கு ஏதாவது ஆயிடுமேன்னு, பஞ்சர் ஒட்டினதும் இதை உள்ளே வச்சுட்டு, பழைய ஸ்டெப்னியை மாட்டி ஓட்டறேன்."

"சரி, இப்போ இதையே மாட்டுங்கோ."

"சென்சார் சக்கரத்தையா? இந்தச் சகதியிலயா?" என்று அவர் தயங்கி நிமிர்ந்தபோது, மங்கை வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.