அத்தை கூப்பிடுகிறார்

"சும்மாச் சும்மா அமுக்காதீங்க அத்தை. நீங்க அமுக்குற அமுக்குல என் கம்ப்யூட்டர் செத்துச் செத்துப் பிழைக்குது."

கதவோரம் நின்று மாப்பிள்ளை இதைச் சொன்னபோது மாமியார் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். "சரிங்க மாப்பிள்ளை" என்றார்.

இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர். எழுந்து நடக்க மாதக்கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், பெட்பேன் வைக்கவும் யாராவது வந்தாக வேண்டும். மகள் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பகலெல்லாம் வீட்டில் மாப்பிள்ளை ஒருவர்தான்.

அவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாரானால், பக்கத்து வீடு இடிந்து விழுந்தாலும் அதற்கும் ஒரு வரைபடம் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

"கடையில ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டிடுங்களேன்" என்றாள் மனைவி.

கடையில் வாங்குவதா? எதையும் தன் கையால் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கொசு விரட்ட அவர் செய்த கருவியில் கொசுக்கள் குடும்பத்தோடு குடியேறின என்பது வேறு விஷயம்.

பொத்தான் அமுக்கியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கினார். யுஎஸ்பி வழியாக அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். அதிலிருந்து ஒரு நீள ஒயரைச் சுவரோரமாக மாமியார் கட்டில்வரை இழுத்து, நுனியில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார். அமுக்கினால் திரை நடுவே 'அத்தை கூப்பிடுகிறார்' என்று வரும்.

வரத்தான் செய்தது. சில நேரம் வந்த கையோடு திரை முழுக்க நீலமாகி, கம்ப்யூட்டரும் மாமியாரைப் போலவே படுத்துக்கொண்டது.

மாப்பிள்ளை குற்றவாளியைத் தேடினார். முதலில் யுஎஸ்பி கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு முன்பக்கத் துளை சரியில்லை என்று பின்பக்கம் செருகினார். போர்டுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஒரு அமுக்கலை நூறாக எடுத்துக்கொள்கிறதோ என்று புரோகிராமைத் திருத்தினார். ஒவ்வொரு தடவையும் மேசைமேல் இன்னொரு பொத்தானைப் போர்டில் மாட்டி அமுக்கிப் பார்ப்பார். சாதுவாக வேலை செய்யும். கட்டிலிலிருந்து அமுக்கினால் மறுபடி நீலம்.

நடுவில் கிடந்த நீள ஒயர்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது அவர் கையால் இழுத்தது. ஆகவே மிச்சமிருந்த குற்றவாளி மாமியார்தான்.

"உங்கம்மா அமுக்குற விதம் சரியில்ல" என்றார் மனைவியிடம்.

"பொத்தானைக் கடிச்சா வெச்சாங்க? விரலால அமுக்க என்ன விதம் வேண்டியிருக்கு?" என்றாள் அவள்.

ஒரு நாள் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் ஒரு மாடி வீட்டை வரைந்துகொண்டிருந்தார். சாயங்காலம் அனுப்பியே தீர வேண்டும். மாடிப்படி முடிந்து மொட்டைமாடிக்கு ஏறும் நேரம், 'அத்தை கூப்பிடுகிறார்' என்று வந்தது. நீலம். வீடு அஸ்திவாரத்தோடு போய்விட்டது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக நடந்து வந்து கதவோரம் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த வேலையே என்கிட்ட இருக்காது அத்தை."

எதற்காகக் கூப்பிட்டார் என்று கேட்காமலே திரும்பிப் போனார்.

அன்று ராத்திரி, மின்சாரம் எகிறாமல் தடுக்க, போர்டில் ஒரு சின்ன கெப்பாசிட்டரைப் பற்றவைத்தார். மேசையில் அமுக்கிப் பார்த்தார். அருமை.

மறுநாள் நீலம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வரைபடங்கள் நேரத்துக்குப் போயின. மாப்பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கடுகு அளவு பொருள், அதற்குள் இருக்கிறது சூட்சுமம் என்று போனில் கிடைத்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். தவறான எண் என்று சொன்ன ஒரு அப்பாவியும் முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.

பிறகு மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. குளிரில் தூக்கித் தூக்கிப் போட்டது. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவை வீட்டுக்கே அழைத்து வந்தாள்.

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"பகல்ல தண்ணியே குடிக்கிறது இல்லையா? சிறுநீரை வேற அடக்கி அடக்கி வெச்சிருக்காங்க. உள்ளே கிருமி ஏறியிருக்கு. இந்த வயசுல இது விளையாட்டு இல்ல."

மகள் புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

"கூப்பிட்டா வரமாட்டேன்னா சொன்னேன்? எல்லாம் பிடிவாதம் டாக்டர். கை எட்டுற தூரத்துல பொத்தான் இருக்கு. முன்ன தகராறு பண்ணுச்சு, வாஸ்தவம். நான் சரி பண்ணின நாள்லேருந்து ஒரு கோளாறு இல்ல. நீங்களே பாருங்க."

ஒயரை இழுத்து, சிவப்புப் பொத்தானை மாமியாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அமுக்குங்க அத்தை."

மாமியாரின் விரல்கள் பொத்தானைச் சுற்றி மூடின. அமுக்கவில்லை. வெடித்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"சரியாயிடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்கு நீங்க சொன்னதுக்கப்புறம் நான் இதைத் தொடவே இல்லை. முதல்ல போய் வரைஞ்சதை சேவ் பண்ணிட்டு வாங்க மாப்பிள்ளை, அப்புறம் அமுக்குறேன்."